கறுப்பின் மேல் கறுப்பு: படத்துக்குள் எழுத்தை ஒளித்து வைப்பது

2024 மார்ச் 2, இரவு 9.40

சுன்னாகத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது: "அக்கா ரொறன்ரோவில் இருக்கிறா. பிறந்தநாளுக்கு எங்கள் வீட்டுப் படம் ஒன்றை அனுப்பப் போகிறேன். அதற்குள் ஒரு சின்னக் கடிதத்தை, வேறு யார் பார்த்தாலும் தெரியாதபடி வைக்கலாமா? தனியாக மென்பொருள் எதுவும் இறக்க விருப்பமில்லை. போட்டோஷொப்போ ஜிம்போ போதுமா? பாஸ்வேர்டு போட்ட மாதிரிப் பாதுகாப்பாக இருக்குமா?"

வைக்கலாம். ஜிம்ப் தாராளமாகப் போதும், அது படம் திருத்தும் இலவச மென்பொருள். பாதுகாப்பு என்பது வேறு கதை. அதை அவசரமாகச் சொன்னால் பிழையாகச் சொல்லிவிடுவேன், பிறகு எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் அச்சகத்தில் 16 வருடமாகப் பக்கம் வடிவமைக்கிறவள். கல்யாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், எல்லாவற்றையும் விட அதிகமாகக் கல்வெட்டு என்கிற நினைவு மலர். இந்தக் கேள்வி எனக்குப் பழைய சம்பவம் ஒன்றை நினைவூட்டுகிறது. அதையும் பிறகு.

2024 மார்ச் 3, காலை 7.15

முதலில் ஆகச் சுலபமான வழி.

திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 தொடங்கி 255 வரை. மூன்றும் 0 என்றால் முழுக் கறுப்பு. மூன்றும் 1 என்றால்? அதுவும் கறுப்புத்தான், உங்கள் கண்ணுக்கு. கணினிக்கு இரண்டும் வேறு வேறு. இந்த ஓர் எண் இடைவெளிக்குள்தான் கடிதத்தை வைக்கப் போகிறோம்.

ஜிம்பில் புதிய படம் திறந்து முழுக் கறுப்பால் நிரப்புங்கள். எழுத்துக் கருவியை எடுத்து நிறத்தை 010101 என்று கொடுங்கள். தட்டச்சுச் செய்யும்போது உங்களுக்கே எதுவும் தெரியாது. ஆகவே முதலில் வெள்ளை நிறத்தில் எழுதி, இடம் வசதி பார்த்துவிட்டு, கடைசியில் நிறத்தை மாற்றுங்கள். பிறகு பிஎன்ஜியாக (எந்த எண்ணையும் மாற்றாமல் சேமிக்கும் பட வகை) ஏற்றுமதி செய்யுங்கள்.

அக்கா செய்ய வேண்டியது: படத்தைத் திறந்து, இருள் வெளிச்ச அளவைச் சரிசெய்யும் லெவல்ஸ் என்ற கருவிக்குப் போய், வலது பக்கத்து வெள்ளைக் கைப்பிடியை 255 இலிருந்து 2 வரை இடது பக்கம் இழுக்க வேண்டும். 1 என்று இருந்ததெல்லாம் நடுச் சாம்பல் நிறமாக எழும்பி வரும். முதல் தடவை அதைப் பார்த்தபோது என் கை அப்படியே நின்றுவிட்டது.

வீட்டுப் படத்துக்குக் கறுப்பு எங்கே என்று கேட்பீர்கள். படத்தைச் சுற்றி ஒரு கறுப்புச் சட்டம் போடுங்கள். கீழ்ப் பக்கத்தில் அகலமாக விட்டால் கடிதம் அதற்குள் அடங்கும்.

2024 மார்ச் 3, காலை 7.50

ஒன்று சொல்ல மறந்தேன். எழுத்துக் கருவியில் விளிம்பை மென்மையாக்கும் தெரிவு ஒன்று இருக்கும், அதை நிறுத்திவிடுங்கள். 0 க்கும் 1 க்கும் நடுவில் வேறு எண் இல்லாததால் மென்மை என்பதற்கே அங்கே இடமில்லை. சிறிய எழுத்தில் மெய்யெழுத்துப் புள்ளிகள்தான் முதலில் காணாமல் போகின்றன. என் சோதனையில் "அக்கா" என்றது "அககா" ஆனது. எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

2024 மார்ச் 5, பின்னேரம்

தம்பி வட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்திருக்கிறார். அக்கா பக்கத்தில் லெவல்ஸை இழுத்தால் மூட்டம் மட்டும் வந்ததாம். நான் எச்சரித்திருக்க வேண்டும், பிழை என்னுடையது.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அளவைச் சிறிதாக்கி, ஜேபெக்காகத் திரும்பச் சுருக்கித்தான் அனுப்பும். ஜேபெக் படத்தை 8க்கு 8 புள்ளி கொண்ட சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்திலும் மனிதக் கண் கவனிக்காத நுண்ணிய வேறுபாடுகளைக் கழித்துவிடுகிறது. நாங்கள் எதற்குள் ஒளித்தோமோ அதைத்தான் அது குப்பை என்று கூட்டித் தள்ளுகிறது. கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று நாங்கள் தேடிய இடமும், கண்ணுக்குத் தெரியாதென்று அது வெட்டும் இடமும் ஒன்றேதான்.

வழி இருக்கிறது. அதே வட்ஸ்அப்பில் இணைப்புக் குறியைத் தொட்டு, படம் என்பதற்குப் பதிலாக ஆவணம் என்று தெரிந்து அனுப்புங்கள். கோப்பு அப்படியே போய்ச் சேரும். மின்னஞ்சல் இணைப்பும் சரி.

2024 மார்ச் 6

ஆவணமாக அனுப்பி வந்துவிட்டதாம். அக்கா அழுதாவாம்.

2024 மார்ச் 9, இரவு

அந்தப் பழைய சம்பவத்தை எழுதுகிறேன். வெளியூரில் இருப்பவர்களுக்காக ஒரு வரி: எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் ஒன்று அடித்துக் கொடுப்போம், அதுதான் கல்வெட்டு. இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவார திருவாசகம், நன்றி நவிலல் எல்லாம் இருக்கும். பல வீடுகளில் சாமி அறையில் வைத்திருப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வேறோர் அச்சகத்தில். கறுப்புப் பின்னணியில் பொன் எழுத்துக் கொண்ட அட்டை ஒன்று அங்கே வழமையாக ஓடியது. பழைய கோப்பைத் திறப்பது, பெயரை மாற்றுவது, பிளேட்டுக்கு அனுப்புவது. ஒரு நாள் யாரோ பழைய பெயரை அழிக்காமல் அதற்குக் கறுப்பு நிறத்தைக் கொடுத்துவிட்டு, புதிய பெயரை மேலே வேறிடத்தில் போட்டிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த அட்டையைக் கடைசியாகப் பார்த்து "சரி" என்று விட்டது நான்.

அச்சில் கறுப்பு ஒன்றல்ல. கறுப்பு மை மட்டும் 100 விழுக்காடு போட்டால் ஒரு கறுப்பு. அதன் கீழே சியான், மஜந்தா, மஞ்சள் மைகளையும் சேர்த்தால் இன்னும் ஆழமான கறுப்பு, அச்சகத்தில் ரிச் பிளாக் என்போம். பின்னணி ரிச் பிளாக். பழைய பெயர் வெறும் கறுப்பு. எங்கள் மென்பொருளில் எல்லாக் கறுப்பையும் ஒரே கறுப்பாகக் காட்டும்படி அமைத்திருந்தார்கள், திரையில் எதுவும் தெரியவில்லை. ப்ரூஃப், அதாவது மாதிரித் தாள், சாதாரண பிரின்டரில் எடுத்தோம், அதிலும் தெரியவில்லை.

அந்தியேட்டியன்று அந்த வீட்டு மகன் கல்வெட்டை ஜன்னல் பக்கம் சரித்துப் பிடித்திருக்கிறார். அவருடைய அம்மாவின் படத்துக்குக் கீழே வேறோர் அம்மாவின் பெயர் மங்கலாக மினுங்கியது. 300 பிரதியும் கொடுத்து முடிந்திருந்தது.

அவர் அச்சகத்துக்கு வந்து சத்தம் போடவில்லை. அட்டையை மேசையில் வைத்துச் சரித்துக் காட்டினார். "இது யாற்றை அம்மா?" என்று மட்டும் கேட்டார். நான் எழும்பி நின்றேன், பதில் வரவில்லை. திரும்ப அடித்துக் கொடுத்தோம். அதனால் என்ன ஆகப் போகிறது, அந்த நாள் போய்விட்டது.

அன்று தொடங்கிய பழக்கம், எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் லெவல்ஸை இழுத்துப் பார்ப்பது. பொழுதுபோக்காக ஒளிக்கப் பழகியது அதற்கும் பிறகுதான்.

2024 மார்ச் 10

கறுப்புச் சட்டம் இல்லாமல் படத்துக்குள்ளேயே வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் அக்காவிடம் மூலப் படமும் இருக்க வேண்டும். அதுதான் திறப்பு, அதாவது சாவி.

படத்தின் அடுக்கை (லேயர்) பிரதி எடுங்கள். மேல் அடுக்கில் எழுத்தின் வடிவத்தைத் தேர்வு செய்து, அந்த இடத்தில் நீல நிறத்தை மட்டும் 2 எண் கூட்டுங்கள். ஏன் நீலம் என்றால், வெளிச்சத்தை உணர்வதில் எங்கள் கண் நீலத்துக்கு மிகக் குறைந்த இடம் கொடுக்கிறது. தொலைக்காட்சிக் காலத்துப் பழைய கணக்கில் பச்சைக்கு 0.587, சிவப்புக்கு 0.299, நீலத்துக்கு 0.114. பிறகு பிஎன்ஜியாக அனுப்புங்கள்.

பெறுகிறவர் மூலப் படத்தின் மேல் இதை அடுக்கி, மேல் அடுக்கின் கலவை முறையை வேறுபாடு என்று மாற்ற வேண்டும். ஒரே மாதிரி உள்ள இடமெல்லாம் பூச்சியமாகி இருண்டுவிடும். அதன்பிறகு லெவல்ஸ். இருட்டிலிருந்து நீல எழுத்து வரும்.

கவனிக்க வேண்டியது: இணையத்தில் எடுத்த படத்தை இதற்குப் பாவிக்காதீர்கள். மூலம் எல்லோரிடமும் இருக்கும், திறப்பும் எல்லோரிடமும் இருக்கும். நீங்களே எடுத்த படம் வேண்டும். வெறும் வானமோ வெள்ளைச் சுவரோ வேண்டாம். கிடுகுவேலி, பனங்கூடல், மணல், இப்படி இயல்பாகவே கரடுமுரடான படம் நல்லது.

2024 மார்ச் 14, மின்சாரம் வந்த பிறகு

எவ்வளவு எழுத்து அடங்கும் என்று ஓர் ஆசிரியர் கேட்டார். இதுவரை சொன்னது எழுத்தைப் படமாக வரைந்து ஒளிப்பது. இன்னொரு முறை, எழுத்தின் இருமக் குறியீட்டையே புள்ளிகளின் கடைசி பிட்டில் போடுவது (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்). அதைப் போட்டோஷொப்பில் கையால் செய்ய ஏலாது, சின்ன நிரல் வேண்டும். ஆனால் கணக்கு அழகானது.

ஒரு நிறத்தின் எண்ணை எழுத 8 பிட். கடைசி பிட்டை மாற்றினால் எண் 1 தான் கூடும் அல்லது குறையும். புள்ளிக்கு மூன்று நிறம், ஆக மூன்று பிட் ஒளிக்கலாம். கணினி எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், ஒரு பைட் என்றால் 8 பிட். "யாழ்ப்பாணம்" என்ற சொல்லில் கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணினால் 11 குறி. 33 பைட். 264 பிட். 88 புள்ளிக்குள் முழு யாழ்ப்பாணமும் அடங்கிவிடும்!

1000க்கு 1000 புள்ளிப் படம் என்றால் 30 இலட்சம் பிட், அதாவது 3,75,000 பைட். ஒரு குறளுக்கு 80 குறி என்று தாராளமாக வைத்தாலும் 1330 குறளுக்கு 3,19,200 பைட். திருக்குறள் முழுவதையும் வைத்துவிட்டு இடம் மிச்சம். கணக்கைப் போட்டு முடிந்ததும் ஓடிப்போய் அம்மாவுக்குச் சொன்னேன். "அதை ஏன் ஒளிக்கிறாய், படிக்கக் குடு" என்றா.

2024 மார்ச் 17

மார்ச் 5 இல் எழுதியதைத் திருத்த வேண்டும். ஜேபெக் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்ற தொனியில் சொல்லிவிட்டேன்.  நேற்று இரவு முழுவதும் சோதித்துப் பார்த்தேன்.

கறுப்பின் மேல் 1 என்ற அதே முறை. 20 புள்ளி உயர எழுத்து, ஜேபெக் தரம் 75: லெவல்ஸில் பிய்ந்த நூல் மாதிரித் துண்டு துண்டாக வந்தது. பிறகு ஓர் எழுத்தே 300 புள்ளி உயரம் வரும்படி மிகத் தடித்த எழுத்துருவில் "வா" என்று எழுதி அதே தரத்தில் சேமித்தேன். தப்பிவிட்டது! விளிம்பு பல்லுப் பல்லாக இருந்தது, வாசிக்கத் தடையில்லை.

காரணத்தை யோசித்தேன். ஜேபெக் ஒவ்வொரு 8க்கு 8 சதுரத்துக்கும் முதலில் அதன் சராசரியை எழுதுகிறது, அதன்பிறகு உள்ளே இருக்கும் ஏற்ற இறக்கங்களை. சராசரியைக் கொஞ்சம் கவனமாகவே வைத்திருக்கும், கழிப்பதெல்லாம் பெரும்பாலும் நுண்ணிய ஏற்ற இறக்கத்தில். எழுத்தின் கோடு முழுச் சதுரங்களை மூடுமளவுக்குத் தடிப்பாக இருந்தால் அது சராசரிக்குள் போய் உட்கார்ந்து தப்புகிறது. தரத்தை 50 ஆகக் குறைத்தால் அதற்கும் உத்தரவாதமில்லை, 1 என்ற வித்தியாசம் அங்கே ஜேபெக் சராசரியை அளக்கும் ஒரு படியில் பாதிதான்.

ஆகவே, சில சொற்கள் மட்டும் என்றால் பெரிதாக எழுதுங்கள், 1 க்குப் பதில் 4 அல்லது 5 கொடுங்கள். ஓலெட் திரை உள்ள போனில் இருட்டறையில் பார்த்தால் 5 மெல்லத் தெரியக் கூடும், ஏனென்றால் அதில் முழுக் கறுப்பு என்றால் புள்ளி அணைந்தே போகும்.

2024 மார்ச் 18

பிஎன்ஜியில் முற்றிலும் ஒளி ஊடுருவும் பகுதியிலும் நிற எண் இருக்கும். ஜிம்பில் ஏற்றுமதி செய்யும்போது அந்த நிறங்களைச் சேமிக்கவா என்று ஒரு தெரிவு உண்டு. அதற்குள்ளும் எழுதலாம். நான் அவ்வளவாகச் செய்து பார்க்கவில்லை.

2024 மார்ச் 24, ஞாயிறு

இன்று ஒளிப்பது பற்றி இல்லை, எடுப்பது பற்றி.

தாத்தாவின் சாதக ஓலை எங்கள் வீட்டில் இருக்கிறது. விரல் அகலம், முழ நீளத்திலும் குறைவு. பக்கவாட்டில் ஒரு துண்டில் எழுத்துத் துப்புரவாக மறைந்துவிட்டது. ஓலையில் எழுதுவது மையால் அல்ல. எழுத்தாணி கீறுகிறது, அவ்வளவுதான். கீறிய எழுத்து ஓலையின் நிறத்திலேயே இருக்கும், வாசிக்க முடியாது. அதன் மேல் விளக்குக் கரி பூசித் துடைத்தால் கரி கீறலுக்குள் மட்டும் தங்கி எழுத்துக் கறுப்பாக வரும். எங்கள் தாத்தாவின் ஓலையில் கரி உதிர்ந்திருக்கிறது, கீறல் அப்படியே இருக்கிறது. எழுத்து எங்கும் போகவில்லை!

பழைய ஓலையில் திரும்பக் கரி பூச எனக்குப் பயம். வளைத்தாலே வெடிக்கும். அறையை இருட்டாக்கி, ஓலையைத் தட்டையாக வைத்து, ரோச் லைட்டைப் பக்கவாட்டில் ஏறக்குறைய மேசையோடு படுக்க வைத்துப் பிடித்தேன். கீறல் ஒவ்வொன்றும் ஒரு சின்ன நிழல் போட்டது. படமெடுத்து, சிவப்பு நிறத் தளத்தை மட்டும் தனியே பிரித்தேன். பழுப்பு ஓலையும் மஞ்சள் கறையும் சிவப்பில் வெளிறிவிடும், நிழல் இருட்டாகவே நிற்கும். பிறகு லெவல்ஸ்.

இரண்டு வரி வந்தது. கிரகநிலை பார்த்து எழுதியது, எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. தாத்தா பிறந்த நாழிகை தெளிவாக இருந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பிறகு திரும்பப் போட்டு வாசித்தா.

ஓலைக்கு ரோச் லைட் பிடிப்பதும், ஜன்னல் பக்கம் அட்டையைச் சரிப்பதும், வெள்ளைக் கைப்பிடியை இழுப்பதும் எனக்கு இப்போது ஒரே வேலையாகத் தோன்றுகிறது.

2024 ஏப்ரல் 2

தங்களை அறியாமல் ஒளித்து அனுப்புகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

போன வருடம் ஸ்கூட்டி விற்கும்போது அடையாள அட்டையின் படத்தை அனுப்ப வேண்டியிருந்தது. இலக்கத்தின் மேல் போனில் இருந்த மார்க்கர் கருவியால் மூன்று தடவை கறுப்பாகத் தேய்த்தேன். எனக்கு இலக்கம் தெரியவில்லை. அதையே ரொறன்ரோ மச்சாளுக்கும் அனுப்பியிருந்தேன். ஐந்து நிமிடத்தில் இலக்கத்தைத் திருப்பி அனுப்பினா. மார்க்கர் என்பது ஒளி ஊடுருவும் தூரிகை. சில தடவை தேய்த்தாலும் கீழே உள்ளது சில எண்கள் வித்தியாசத்தில் இருந்துகொண்டே இருக்கும். கறுப்பின் மேல் கறுப்பு. பிரகாசத்தைக் கூட்டினால் வந்துவிடும். 16 வருடம் இந்த வேலை செய்கிறவள், ஸ்கூட்டி விற்கும் அவசரத்தில் பார்க்கவில்லை.

எங்கள் பழைய அடையாள அட்டை இலக்கத்தில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தில் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். பிறந்தநாள் தெரிந்தவருக்கு ஐந்து இலக்கம் ஏற்கெனவே தெரியும். மிச்சம் நான்கைத்தான் நான் அப்படித் தேய்த்தேன். புதிய 12 இலக்க அட்டையிலும் முதல் ஏழு இப்படித்தான்.

மறைக்க வேண்டுமானால் தூரிகையை விட்டுவிடுங்கள். அந்தப் பகுதியைத் தேர்வு செய்து, ஒளி ஊடுருவாத நிறத்தால் நிரப்பி, எல்லா அடுக்கையும் ஒன்றாக்கி, புதிய கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். போட்டோஷொப் கோப்பையோ ஜிம்ப் கோப்பையோ அப்படியே அனுப்பக் கூடாது, அவற்றில் அடுக்குகள் உயிரோடு இருக்கும்.

வெட்டினாலும் கவனம். 2023 மார்ச்சில் வெளிவந்த விடயம்: கூகுள் பிக்சல் போன்களின் மார்க்கப் கருவியில் படத்தை வெட்டிச் சேமித்தால், வெட்டி எறிந்த பகுதியின் தரவு கோப்பின் வாலில் மிஞ்சியிருந்தது. அதிலிருந்து பழைய படத்தின் பெரும் பகுதியை மீட்க முடிந்தது. விண்டோஸ் 11 இன் வெட்டும் கருவியிலும் அதே குறை இருந்தது. இரண்டையும் திருத்திவிட்டார்கள். அதற்கு முன் அனுப்பிய படங்கள் அனுப்பியவைதான்.

2024 ஏப்ரல் 3

கலர் லேசர் பிரின்டர்கள் பலவும் தாங்களாகவே எழுதுகின்றன. தாள் முழுக்க மிக மெல்லிய மஞ்சள் புள்ளிகள், அதில் இயந்திரத்தின் தொடர் இலக்கமும் நேரமும். 2005 இல் ஒரு வகைப் பிரின்டரின் புள்ளிகளை வாசித்துக் காட்டினார்கள். வெள்ளைத் தாளில் மஞ்சள் தெரியாது. ஸ்கேன் செய்து நீலத் தளத்தைப் பிரித்தால் கறுப்பாகத் தெரியும். எங்கள் இயந்திரத்தில் பார்த்தேன், இருந்தது.

2024 ஏப்ரல் 7

ஓலைக் குறிப்பை வாசித்துக் காட்டியபோது அம்மா ஒரு கதை சொன்னா.

90களில் மின்சாரம் இல்லை, போன் இல்லை. ஜாம் போத்தல் விளக்கு. மாமா வெளிநாட்டில். செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் போகும் கடிதம் திறந்தபடிதான் போகும், குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம், யாரும் வாசிக்கலாம். மாமா போகுமுன் இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள். கடிதம் "அன்புள்ள அண்ணா" என்று தொடங்கினால் எல்லோரும் வீட்டில் இருக்கிறோம். "அன்பின் அண்ணா" என்று தொடங்கினால் இடம்பெயர்ந்துவிட்டோம், பழைய விலாசத்துக்கு எழுதாதே.

95 இன் கடைசியில் "அன்பின் அண்ணா" போயிருக்கிறது.

நான் கையில் இருந்த பேனாவை வைத்துவிட்டேன். அதில் ஆராய்ந்து கண்டுபிடிக்க எதுவுமே இல்லை. எந்த லெவல்ஸிலும் வராது. திறப்பு இரண்டு பேருடைய தலைக்குள் இருந்தது.

எங்கள் தமிழில் இதற்கு இலக்கணமே உண்டு. ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்திருப்பதற்குக் கரந்துறைச் செய்யுள் என்று பெயர், தண்டியலங்காரம் சித்திரகவிகளோடு சேர்த்துச் சொல்கிறது. பாம்பு, சக்கரம் என்று படத்துக்குள் எழுத்தை அடைக்கும் கவிகளும் அங்கேதான். கரந்து உறைதல். இந்த வேலைக்குப் புதிதாகச் சொல் தேடத் தேவையில்லை.

2024 ஏப்ரல் 20

பாதுகாப்புக் கேள்விக்கு இப்போது வருகிறேன். தம்பி வங்கி விபரத்தையும் இப்படி அனுப்பலாமா என்று கேட்டதால் தள்ளிப்போட முடியவில்லை.

அனுப்பாதீர்கள். ஒளித்தது ஒளித்ததுதான், பூட்டியது ஆகாது. படத்தில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகம் வந்தவுடன் நான் சொன்ன முதல் முறை ஒரே இழுப்பில் திறந்துவிடும். கடைசி பிட் முறையும் கண்டுபிடிக்கப்படக் கூடியதுதான். கடைசி பிட்டுகளை நிரப்பினால் 100, 101 போன்ற பக்கத்துப் பக்கத்து எண் சோடிகளின் எண்ணிக்கை இயல்புக்கு மாறாகச் சமமாகிவிடும். அதைக் கணக்கிட்டுப் பிடிக்கும் வழியை 1999 இலேயே ஆண்ட்ரியாஸ் வெஸ்ட்ஃபெல்டும் ஆண்ட்ரியாஸ் ஃபிட்ஸ்மனும் எழுதிவிட்டார்கள். படத்தைக் கண்ணால் பார்க்கவே தேவையில்லை.

பூட்ட வேண்டியதைப் பூட்டுங்கள். செவன்-ஸிப் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் 7z வகைக் கோப்பாகக் கடவுச்சொல் போட்டால் அது ஏஇஎஸ்-256 என்ற பலமான முறையில் குறியாக்கும். கடவுச்சொல்லைப் போனில் கதைத்துச் சொல்லுங்கள். பிறந்தநாள் கடிதத்துக்குப் படம் போதும். இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நானும் ஒரு காலம் இருந்தேன்.

2024 ஆகஸ்ட் 18

நான்கு மாதமாக எழுதவில்லை. பெரியப்பா ஜூலையில் போய்விட்டார். கல்வெட்டை நானே செய்தேன்.

பெரியம்மா ஐம்பத்தொரு வருடம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சாருங்கோ" என்பாதான். வாழ்க்கை வரலாறு எழுத உட்கார்ந்தபோது, "அவற்றை பேர் எழுதேக்கை எனக்கு வேறை ஆரோ மாதிரிக் கிடக்கு" என்று சொன்னா. அது என் மனதில் நின்றுவிட்டது.

அட்டைக்குக் கறுப்புப் பின்னணி எடுத்தேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கறுப்புப் பின்னணிக் கல்வெட்டு நான் செய்ததே இல்லை. பின்னணி ரிச் பிளாக். படத்துக்குக் கீழே வெறும் கறுப்பில் ஒரே சொல், "இஞ்சாருங்கோ". முதலில் சியான் 60, மஜந்தா 40, மஞ்சள் 40 கொடுத்துப் பார்த்தேன், மேசையில் கிடக்கும்போதே தெரிந்தது. சியான் 30 மட்டும் போட்டேன், சரியாக வந்தது. எழுத்து மெல்லியதாக இருந்தால் நிறங்கள் விலகி அச்சாகும்போது விளிம்பு காட்டிக்கொடுக்கும், ஆகவே தடித்த எழுத்து. லாமினேஷன் வேண்டாம் என்றேன். மெஷின்கார அண்ணையிடம் முதல் தாளை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சரித்துப் பார்த்தபோது கை நடுங்கியது.

யாருக்கும் சொல்லவில்லை. அந்தியேட்டியன்று எல்லோரும் வாங்கிக்கொண்டு போனார்கள். பின்னேரம் பெரியம்மா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தா. நான் பக்கத்தில் போய் அட்டையை வெளிச்சத்துக்குக் கொஞ்சம் சரித்துப் பிடித்தேன். கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு என் கையிலிருந்து வாங்கி, தானே சரித்தா. நிமிர்த்தினா. திரும்பச் சரித்தா.